முன்னே ஒருவர் பறக்கிறார்: சிறிய ஓடுபாதைகளில் சர்க்கிட் பறப்பது எப்படி?

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல்விமானம் இறங்குவதை நோர்வூட் பக்கமிருந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். வந்த வேகத்தில் அது தண்ணீரில் இறங்கிவிடுவதில்லை. படகோ மிதக்கும் மரக்கட்டையோ கிடக்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று மேலிருந்து பார்த்துக்கொள்கிறது. பிறகு நீர்ப்பரப்புக்கு இணையாகச் சிறிது தூரம் போய், இரண்டு முறை திரும்பி, அதன் பின்னரே தாழ்கிறது. தேயிலை மலையில் நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு அது விமானி காட்டும் வேடிக்கையாகத் தெரியலாம். உண்மையில் அது உலகெங்கும் சிறிய விமானங்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு. நம் பறப்புப் பயிற்சிப் பள்ளிகளில் அதைச் சர்க்கிட் என்கிறார்கள்.

விமானி ஆக வேண்டும் என்ற ஆசையோடு மலையகப் பிள்ளைகள் பேசும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஹட்டனில் பிறந்தாலும் பண்டாரவளையில் பிறந்தாலும், பறக்கக் கற்க அவர்கள் பெரும்பாலும் கடலோரத்து இரத்மலானைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே நேராகப் பறப்பது, திரும்புவது, ஏறுவது, இறங்குவது என்ற ஆரம்பப் பாடங்கள் முடிந்ததும், தனியாகப் பறக்க அனுமதி கிடைக்கும்வரை பெரும்பகுதி நேரம் சர்க்கிட்டிலேயே கழியும். புறப்படு, சுற்று, இறங்கு, மறுபடி புறப்படு. இதைத் தரையிறங்கும் பயிற்சி என்று மட்டும் நினைத்துச் செய்பவர்கள் பாடத்தில் பாதியைத் தவறவிடுகிறார்கள். முன்னால் பறப்பவருக்கும் தமக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும், அந்தத் தூரத்தை எந்த இடத்தில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே மறுபாதி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

செவ்வகமும் அதன் பக்கங்களும்

ஒரு தாளில் ஓடுபாதையைக் கோடாக வரைந்து, அது ஒரு நீண்ட பக்கத்தின் நடுவில் அமையும்படி செவ்வகம் ஒன்றைப் போடுங்கள். விமானம் காற்றை எதிர்த்துப் புறப்படுகிறது. நேரே ஏறும் அந்தப் பகுதிக்கு அப்விண்ட் என்று பெயர். ஏறத்தாழ 500 அடி உயரம் வந்ததும் இடப்பக்கம் 90 பாகை திரும்பினால் கிராஸ்விண்ட். மறுபடியும் இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக, புறப்பட்ட திசைக்கு நேரெதிராகப் பறப்பது டவுன்விண்ட். இப்போது காற்று முதுகுப்புறம். இறங்க வேண்டிய முனையைக் கடந்தபின் எடுக்கும் திருப்பம் பேஸ். கடைசித் திருப்பம் விமானத்தை ஓடுபாதையின் நேர்க்கோட்டில் கொண்டுவந்து சேர்க்கும். அதுதான் ஃபைனல்.

டவுன்விண்டில் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி. வேறு அறிவுறுத்தல் இல்லாதவரை எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வான்விதிகள் சொல்கின்றன. விமானி இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பதால், இடப்பக்கச் சுற்றில் ஓடுபாதை எப்போதும் அவர் கண்ணுக்குள் இருக்கும்.

செவ்வகத்தின் அழகு அதன் வடிவத்தில் இல்லை. எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே பக்கமாக, ஒரே பாதையில் சுற்றும்போது, மற்றவரை வானத்தில் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடுகிறது. இரண்டு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானம் ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்குச் சுவரில் ஊரும் எறும்பளவு கூட இராது. பின்னணியில் மலையும் காடும் இருந்தால் அது கரைந்தே போய்விடும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அது தட்டுப்படும்.

ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தள்ளி?

முதலில் தீர்க்க வேண்டியது பக்கவாட்டு இடைவெளி. டவுன்விண்டில் ஓடுபாதைக்கு மிக அருகில் பறந்தால் பேஸ் பகுதியே இல்லாமல் போய், கடைசி இரண்டு திருப்பங்களும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மிகத் தள்ளிப் பறந்தால், எஞ்சின் நின்றுவிட்டால் ஓடுபாதையை எட்ட முடியாது. சிறிய பயிற்சி விமானம் எஞ்சின் இல்லாமல் 1,000 அடியிலிருந்து சறுக்கினால், காற்றில்லாத வேளையில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் போகும். திருப்பங்களுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆகவே ஓடுபாதையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளி டவுன்விண்ட் அமைவது நல்லது.

அந்தத் தூரத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. செஸ்னா போன்ற மேலிறக்கை விமானத்தில், உடற்பகுதியிலிருந்து இறக்கையின் அடிப்பக்கத்துக்குச் சாய்வாக ஏறும் ஒரு தாங்கி உண்டு. இறக்கைகளைச் சமமாகப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் பாருங்கள். ஓடுபாதை அந்தத் தாங்கியை ஏறக்குறைய நடுவில் வெட்டுவதுபோல் தெரிந்தால் தூரம் சரி. தாங்கியின் அடிப்பக்கத்துக்கு, அதாவது உங்கள் பக்கமாக, ஓடுபாதை வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். இறக்கை நுனியை நோக்கிப் போனால் விலகிவிட்டீர்கள். விமானத்துக்கு விமானம், ஆளின் உட்காரும் உயரத்துக்கு ஏற்ப இது சற்று மாறும். நல்ல நாளொன்றில் சரியான தூரத்தில் பறக்கும்போது ஓடுபாதை தாங்கியில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

பேஸ் திரும்பும் இடத்துக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. இறங்கும் முனை இடது தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது திரும்ப வேண்டும். முன்னால் யாரும் இல்லாவிட்டால் இவ்வளவே.

முன்னால் ஒருவர் இருந்தால்

இருவர் சுற்றும்போது பின்னால் வருபவர்தான் இடைவெளிக்குப் பொறுப்பு. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. அவரால் உங்களுக்காக எதுவும் செய்ய முடியாது. முந்தப்படுகிற விமானத்துக்கே வழியுரிமை என்பது வான்விதி.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை ஓடுபாதைதான் தீர்மானிக்கிறது. முன்னவர் இறங்கி, வேகம் தணிந்து, ஓடுபாதையை விட்டு வெளியேற எவ்வளவு நேரம் பிடிக்கும்? வசதியான இடத்தில் பக்கவழி இருந்தால் ஒரு நிமிடம் போதும். பல சிறிய தளங்களில் அப்படி இருக்காது. இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி, வந்த வழியே ஊர்ந்து வந்துதான் வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு நிமிடமோ கூடுதலாகவோ ஆகும். ஃபைனலில் 65 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர்) வேகத்தில் வரும் விமானம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் கடக்கிறது. இரண்டு நிமிட இடைவெளி என்றால் 4 கிலோமீற்றர்.

இந்த 4 கிலோமீற்றரை ஃபைனலுக்கு வந்த பிறகு உண்டாக்க வழியில்லை. அங்கே விமானம் ஏற்கெனவே மெதுவாகத்தான் பறக்கிறது. இன்னும் குறைத்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகிவிடும். வளைந்து நெளிந்து நேரத்தைப் போக்கினால் நேர்க்கோடும் இறங்கு சரிவும் கெட்டுப்போகும். இடைவெளி டவுன்விண்டில்தான் பிறக்க வேண்டும். தொடக்கநிலை மாணவர் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

டவுன்விண்டில் கையில் இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று வேகத்தைக் குறைப்பது, மற்றது பேஸ் திருப்பத்தைத் தள்ளிப்போடுவது. இவற்றின் பலன் எவ்வளவு வேறுபட்டது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

டவுன்விண்டில் 2 கிலோமீற்றர் தூரத்தை 90 நொட் வேகத்தில் பறந்தால் ஏறத்தாழ 43 செக்கன். 75 நொட் வேகத்தில் பறந்தால் 52 செக்கன். லாபம் 9 செக்கன். இது பெரிய இடைவெளியைத் தராது. ஆனால் முன்னால் 75 நொட்டில் ஒருவர் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் 90 நொட்டில் அவரை நெருங்கிக்கொண்டே போவதை இது நிறுத்தும். ஆகவே வேகத்தைக் குறைப்பதென்றால் டவுன்விண்டுக்குள் வந்ததுமே குறைக்க வேண்டும். பேஸ் அருகில் போய்க் குறைப்பதில் பயனில்லை.

அடுத்து, பேஸ் திருப்பத்தை 30 செக்கன் தள்ளிப்போடுவதாக வைத்துக்கொள்வோம். வேகம் 80 நொட், காற்று 10 நொட். டவுன்விண்டில் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தரைமேல் வேகம் 90 நொட். 30 செக்கனில் ஏறத்தாழ 1,400 மீற்றர் கூடுதலாகப் போய்விடுகிறீர்கள். அந்தத் தூரத்தை ஃபைனலில் திரும்பி வர வேண்டும். அங்கே 65 நொட் வேகத்தில் 10 நொட்டைக் காற்று பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது 55. அந்த 1,400 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 49 செக்கன். மொத்தத்தில் 30 செக்கன் தள்ளிப்போட்டதற்குக் கிடைத்தது 79 செக்கன் தாமதம். போட்டதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்!

இதை அறியாத மாணவர் ஒரு நிமிடம் தாமதம் வேண்டும் என்று நினைத்து ஒரு முழு நிமிடம் நீட்டிவிடுகிறார். ஃபைனல் அளவுக்கு மீறி நீண்டுபோகிறது. அவருக்குப் பின்னால் வருபவர் அவரையும் தாண்டி நீட்ட வேண்டும். மூன்றாமவர் அதையும் தாண்டி. நாலு விமானங்கள் சுற்றும் ஒரு காலை வேளையில், முதல் ஆள் செய்த ஒரு நீட்டல் நாலாவது ஆளை ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே எஞ்சின் நின்றால் சறுக்கி வந்து சேர முடியாது. கீழே வீடுகள் இருக்கும், கடலோரமென்றால் கடல் இருக்கும்.

எப்போது பேஸ் திரும்புவது என்பதற்கு எளிய விதி இருக்கிறது. முன்னவர் ஃபைனலுக்குத் திரும்பி, எதிர்த்திசையில் வந்து, உங்கள் இடது இறக்கைக்கு நேராகக் கடந்து போகும்வரை காத்திருங்கள். அவர் கடந்ததும் திரும்பலாம். திரும்பி முடிப்பதற்குள் அவர் ஓடுபாதையை நோக்கிக் கணிசமாகப் போயிருப்பார். அவர் ஓடுபாதையிலேயே திரும்பி ஊர்ந்து வரவேண்டிய தளம் என்றால் இன்னும் சில செக்கன்கள் பொறுக்க வேண்டும். அவரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் திரும்பவே கூடாது. "இந்நேரம் இறங்கியிருப்பார்" என்ற ஊகத்தில் எடுக்கும் திருப்பம்தான் எனக்கு எப்போதும் பயத்தைத் தருகிறது. ஒருவேளை அவர் உங்களைவிட மெதுவான விமானத்தில், நீண்ட ஃபைனலில், உங்களுக்கு நேர் கீழே இருக்கலாம்.

மேலிறக்கை விமானத்தில் இருப்பவருக்கு மேலே தெரியாது. தாழிறக்கை விமானத்தில் இருப்பவருக்குக் கீழே தெரியாது. தாழிறக்கை மேலேயும் மேலிறக்கை கீழேயுமாக இரண்டும் ஃபைனலில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கினால் ஒருவரையொருவர் கடைசிவரை பார்க்கவே மாட்டார்கள். தாழ்ந்த உயரத்தில் இருப்பவருக்கே வழியுரிமை என்று விதி இருக்கிறது. அதைச் சாக்காக வைத்து இன்னொருவருக்கு முன்னால் நுழையக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது மேலிறக்கை விமானத்தில் இடது இறக்கை தாழ்ந்து, திரும்பும் திசையையே மறைத்துவிடும். எனவே திரும்புவதற்கு முன் அந்த இறக்கையைக் கணநேரம் உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்ல பழக்கம்.

டவுன்விண்டில் செய்ய வேண்டிய இறங்குமுன் சரிபார்ப்பும் உண்டு: பிரேக், எரிபொருள், எரிகலவை, இருக்கைப்பட்டி. வெளியே பார்க்க வேண்டிய அதே நேரத்தில் கண்களை உள்ளே இழுப்பது இதுதான். டவுன்விண்டுக்குள் நுழைந்தவுடனேயே முடித்துவிடுங்கள். ஓடுபாதையின் நடுப்பகுதியைத் தாண்டும்போது தலை வெளியே இருக்க வேண்டும்.

வானொலி

மலைப்பாதையில் பஸ் ஓட்டும் சாரதி கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே ஹார்ன் அடிக்கிறார். நுழைந்தபின் அடித்தால் யாருக்கும் பயனில்லை. சர்க்கிட்டில் வானொலி அழைப்பும் அப்படித்தான். டவுன்விண்ட், பேஸ், ஃபைனல் என்று ஒவ்வோர் இடத்திலும் விமானி தன் பதிவெண்ணையும் இடத்தையும் என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொல்கிறார். இரத்மலானை போன்ற இடத்தில் கோபுரத்துக் கட்டுப்பாட்டாளர் கேட்டு, "நீங்கள் இரண்டாவது, பேஸில் இருக்கும் செஸ்னாவைத் தொடருங்கள்" என்று வரிசை கொடுப்பார். கோபுரம் இல்லாத தளங்களில் தளத்தின் பெயரைச் சொல்லி எல்லோருக்குமாக அறிவிக்க வேண்டும்.

வரிசை கொடுத்தால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. தொடரச் சொன்ன விமானத்தைக் கண்டால் "கண்டேன்" என்று சொல்ல வேண்டும். காணவில்லையென்றால் காணவில்லை என்று தயங்காமல் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் "தெரியவில்லை" என்று சொல்லத் தயங்குவார்கள். வானொலியில் அந்தத் தயக்கம் கூடாது. "காணவில்லை" என்று கேட்கும் கட்டுப்பாட்டாளர் கோபிக்க மாட்டார். அவர் மற்றவரின் இடத்தை மறுபடி சொல்லுவார், அல்லது உங்களை டவுன்விண்டிலேயே தொடரச் சொல்லுவார். கோபுரம் சொல்லாமல் சர்க்கிட்டுக்குள் நீங்களாக ஒரு முழு வட்டம் போடக்கூடாது. வழக்கமான வேகத்தில் அதற்கு இரண்டு நிமிடமாகும். அதில் பாதி நேரம் பின்னால் வருபவருக்கு நேரெதிராகப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

கடைசித் திருப்பம்

பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் இடம்தான் சர்க்கிட்டில் மிக ஆபத்தான இடம். காற்று டவுன்விண்ட் பக்கமிருந்து ஓடுபாதையை நோக்கி வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். டவுன்விண்டில் அது உங்களை அறியாமல் ஓடுபாதைக்கு நெருக்கமாகத் தள்ளியிருக்கும். பேஸில் அதே காற்று முதுகுப்புறம் வந்து தரைமேல் வேகத்தைக் கூட்டும். குறுகிய பேஸ், கூடிய வேகம். திருப்பம் முடிவதற்குள் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள்.

தாண்டியதைச் சரிசெய்யும் அவசரத்தில் கை அதிகம் சாய்க்கிறது. சாய்வு கூடும்போது ஸ்டால் வேகமும் கூடும்: உயரத்தைத் தக்கவைத்துத் திரும்பும்போது 30 பாகையில் 7 சதவீதம், 45 பாகையில் 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். சாய்க்கப் பயந்தவர், மூக்கை ஓடுபாதைப் பக்கம் கொண்டுவரச் சுக்கான் மிதியை அழுத்துவார்; அது இன்னும் மோசம். உள்ளிறக்கை முதலில் ஸ்டால் ஆகி, விமானம் சுழன்று விழத் தொடங்கும். 500 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை.

மருந்து எளிது. டவுன்விண்டில் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்து, ஓடுபாதையிலிருந்து சரியான தூரத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஃபைனலில் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டால், 30 பாகைக்கு மேல் சாய்க்காமல் மென்மையாகத் திரும்பி வாருங்கள். அது போதாது என்றால் எஞ்சினுக்கு முழு வலுவைக் கொடுத்து மேலேறிவிடுங்கள். இறங்காமல் மேலேறுவதும் பயிற்சியில் ஒரு பாடம்தான். அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. மேலேறும்போது ஓடுபாதைக்குச் சற்று வலப்பக்கம் விலகி ஏறினால், கீழே புறப்படும் விமானம் இடப்பக்க ஜன்னலில் தெரிந்துகொண்டே இருக்கும்.

மலைகளுக்கு நடுவில்

இரத்மலானையில் ஓடுபாதை ஏறக்குறைய கடல்மட்டத்தில் இருக்கிறது. உயரமானி 1,000 என்று காட்டினால் சர்க்கிட் உயரம் வந்துவிட்டது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அதாவது 6,100 அடிக்கு மேல். கிரகரி வாவியில் இறங்க வரும் விமானி 1,000 அடி சர்க்கிட் பறப்பதென்றால் உயரமானி 7,100க்கு மேல் காட்ட வேண்டும். இதைக் கூட்டிப் பார்க்காமல் போவது எளிது. கடலோரத்தில் பழகிய கண் 1,000 என்ற எண்ணையே தேடும்.

அந்த 7,100 அடியில் பறப்பவருக்கு வடக்கே பிதுருதலாகல நிற்கிறது, 2,524 மீற்றர். விமானத்தைவிட அது 1,100 அடிக்கும் மேல் உயரம். ஆகவே இங்கே இடப்பக்கச் சுற்றா வலப்பக்கச் சுற்றா என்பதை விமானியின் வசதி தீர்மானிப்பதில்லை. எந்தப் பக்கம் மலை இல்லையோ அந்தப் பக்கம்தான் சுற்றலாம். இடைவெளிக்காக நீட்டுவதற்கும் இடம் குறைவு. கடலோரத்தில் டவுன்விண்டை இன்னும் ஒரு கிலோமீற்றர் நீட்டலாம். பள்ளத்தாக்கில் அந்த ஒரு கிலோமீற்றரில் தேயிலைச் சரிவு எழும்பி நிற்கும். இங்கே ஒருவர் இறங்கி முடியும்வரை மற்றவர் பள்ளத்தாக்குக்கு வெளியே, பாதுகாப்பான உயரத்தில் காத்திருப்பதே ஒழுங்கு.

உயரமான இடத்தில் காற்று மெல்லியது. நுவரெலியாவில் 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பகலில், விமானத்தைப் பொறுத்தவரை அது 8,000 அடி உயரத்துக் காற்று. வேகமானி 80 நொட் காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 90 நொட்டில் போகிறீர்கள். திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 30 பாகைச் சாய்வில் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 300 மீற்றராக இருந்த ஆரம் இங்கே 380 மீற்றராகிவிடும். அதே சாய்வு, அதே வேகமானி எண். ஆனால் வட்டம் பெரியது. கடலோரத்தில் பழகிய இடத்தில் ஃபைனலுக்குத் திரும்பினால் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். காற்றை அழுத்தித் தரும் டர்போ இல்லாத எஞ்சினும் இந்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும். இறங்காமல் மேலேற முடிவெடுப்பதென்றால் கடலோரத்தைவிட மிக முன்னதாக எடுத்தாக வேண்டும்.

கண்ணும் இங்கே ஏமாற்றும். சரிந்து போகும் மலைமுகட்டைத் தொடுவானம் என்று மனம் எடுத்துக்கொண்டால், சமமாகப் பறப்பதாக நினைத்துக்கொண்டே இறக்கையைச் சாய்த்துவிடுவோம். பக்கத்தில் சரிவு விரைந்து ஓடுவதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று எண்ணி எஞ்சினைக் குறைப்பவரும் உண்டு. மேல்நோக்கிச் சரிந்த ஓடுபாதை, தாம் உயரமாக வருவதாக விமானியை நினைக்கவைத்துத் தாழ இழுக்கும். கண்ணாடிபோல் அசையாத நீர்ப்பரப்பில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது. கடல்விமானிகள் அப்போது கரையோரமாக வந்து, மிக மெதுவான, மாறாத வேகத்தில் இறங்கிக்கொண்டே போய்த் தண்ணீரைத் தொடுவார்கள்.

காற்றைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி மறுபக்கம் உருண்டு இறங்குவதை அவர்கள் உடம்பால் அறிவார்கள். அம்பேவளையில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. முகட்டின் மறைவுப் பக்கம் காற்று கீழ்நோக்கிப் பாயும். சிறிய விமானத்தின் ஏறும் வலுவைவிட அது பலமாக இருக்கலாம். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியும் இரவில் மலையிலிருந்து கீழ்நோக்கியும் காற்று திசை மாறுவதால், காலையில் சரியாக இருந்த இறங்குதிசை பிற்பகலில் தவறாகிவிடும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். மலையில் சிறிய விமானத்துக்கு உகந்தது காலை நேரம்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி, ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டி.சி. 8 ரக விமானம் ஒன்று மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்துபோனார்கள். அது சர்க்கிட்டில் நடந்ததல்ல. கட்டுநாயக்கவுக்கு அருகில் வந்துவிட்டோம் என்று நம்பி, தூரம் மிச்சமிருக்கும்போதே கீழிறங்கிய பெரிய விமானம் அது. இருந்தாலும் நம் மலைகளைப் பற்றிப் பேசும் எந்தப் பறப்புப் பாடத்திலும் அவர்களை நினைக்காமல் கடந்துபோக என்னால் முடியாது.

பெரிய விமானத்துக்குப் பின்னால்

ஒரு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கை நுனிகளிலிருந்து காற்றுச் சுழல்கள் எழுந்து, மெல்லக் கீழிறங்கி, பக்கவாட்டில் நகரும். முன்னால் இறங்கியது நடுத்தர எடை விமானம் என்றால், சிறிய விமானம் அதற்குப் பின் 3 நிமிடம் விட்டே இறங்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். அதன் இறங்கு சரிவுக்கு மேலாகவே வந்து, அது தரையைத் தொட்ட இடத்தைத் தாண்டித் தொடுவது இன்னும் பாதுகாப்பு.

தரையிலேயே பழகலாம்

எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் போகிறது. மலையகக் குடும்பங்களுக்கு அது சிறிய பாரமல்ல. ஆகவே இடைவெளிக் கணக்கைத் தரையிலேயே பழகிக்கொள்ளச் சொல்கிறேன். பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பால் ஓடுபாதை ஒன்றும் செவ்வகம் ஒன்றும் வரையுங்கள். இருவர் சுற்றி நடக்க வேண்டும். டவுன்விண்டில் வேகமாகவும் ஃபைனலில் மெதுவாகவும் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். முன்னவர் ஓடுபாதையின் முனைவரை போய்த் திரும்பி வந்து வெளியேறும்வரை பின்னவர் கோட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. பின்னவர் நடுவழியில் நிற்கவும் கூடாது, ஏனென்றால் விமானத்தால் நிற்க முடியாது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பேஸ் திருப்பத்தைப் பத்துச் செக்கன் தள்ளிப்போட்டால் எத்தனை செக்கன் தாமதம் கிடைக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு மூன்றாவது ஆளைச் சேர்த்து, முதல் ஆள் வேண்டுமென்றே நீட்டி நடந்தால் மூன்றாமவர் மைதானத்தின் எந்த மூலைக்குத் தள்ளப்படுகிறார் என்று பாருங்கள்.